மூன்று கைராசிக்காரர்கள்

அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போனாள் ஷீபா. அவள் செருப்புச் சத்தம் ஓய்வதற்குள் ஜெயசீலிக்கு மூக்கு நுனியில் அரிப்பெடுத்தது. கை இரண்டிலும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஊசி. காதுமடலில் ஊசி. உச்சந்தலையில், முழங்காலுக்குக் கீழே, பாதத்து மேட்டில், எங்கெங்கோ ஊசி. ஒன்றும் வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. குத்துவது தெரியாமல் குத்துகிறவர்களை எப்படி நம்புவது? நாகர்கோவில் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் ஷீபாவின் அக்குபங்சர் அறை இது. கீழே யாரோ துணி கிழிக்கும் சத்தம் நீளமாக, நூல் பிடித்தாற்போல் நேராக ஏறி வந்து அவள் முதுகுக்கடியில் நின்றது. அலமாரியில் ஷீபா திருகி வைத்துவிட்டுப் போன சின்னக் கடிகாரம் எதையோ அரைத்துக்கொண்டிருந்தது. அது மணியடித்தால் வந்து ஊசிகளை எடுப்பாள். "மனசை ஓட விடாதீங்க டீச்சர், மூச்சை மட்டும் பாருங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். மூச்சைப் பார்க்கத் தொடங்கினால் மூச்சு முட்டியது. மனமோ அடுப்பில் வைத்த பால். கண்ணை எடுத்த நொடியில் பொங்கிவிடும். திரைக்கு அடியில் ஒரு சாண் இடைவெளியில் ஜெயசீலியின் புருஷன் ஞானதாஸின் கால்கள் தெரிந்தன. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். வலது பாதம் இடது பாதத்தின் மேல். பக்கத்தில் தரையில் பிளாஸ்க். கல்யாணமான நாள் முதல் பார்த்துவரும் கால்கள்தான். ஆனாலும் காலை மட்டும் பார்க்கும்போது எந்த மனிதனும் வேற்றாள் மாதிரித்தான் இருக்கிறான்.

அசையக் கூடாதுதான். ஆனாலும் வலது கையின் கடைசி இரண்டு விரல்களை மெல்ல மடக்கிப் பார்த்தாள். மடங்கின. உள்ளங்கையைத் தொட்டன. இதற்குச் சந்தோஷப்பட வேண்டும். சித்திரை மாதம் வரை இந்த விரல்கள் வெயிலில் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி கிடந்தன, வளைத்தால் முறிந்துவிடும். சரவாங்கி. மூட்டு மூட்டாக வந்து குடியேறும் வாதம். சட்டைக் கொக்கியை ஞானதாஸ்தான் மாட்டிவிட்டார். தலையை அவர்தான் வாரிவிட்டார், குதிரைக்கு வாருவதுபோல வேகவேகமாக, ஆனால் ஒரு மயிர் வலிக்காமல். சாப்பாட்டை உருட்டி வாயருகே கொண்டுவந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது ஒரு நாள். இப்போது அவளே தலை பின்னுகிறாள், அவளே தேங்காய் துருவுகிறாள், சபைப் பாட்டுப் புத்தகத்தை அவளே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பாய்லர் கடைக்காரர் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர் நல்லாத் தேறிட்டியளே, கன்னமெல்லாம் வச்சிட்டு. கொள்ளாம்" என்றாள். நல்லாயிருக்கு என்கிற அந்தக் கொள்ளாமில்தான் முள் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்றாள். கன்னம் வைத்திருந்தது உண்மை. தாடைக் கோடு மறைந்து, முகம் வட்டமாக, ஊதினாற்போல, மினுமினுப்பாக இருந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து அக்கா ஹெப்சி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெப்சிக்கும் இதே நோய். ஒரு டாக்டர் ஒரு மாதத்துக்கென்று எழுதிக் கொடுத்த மாத்திரையை அவள் அப்புறம் டாக்டரையே பார்க்காமல் கடையில் கேட்டு வாங்கி வருஷக்கணக்கில் தின்றாள். தின்றால் நடந்தாள், தின்னாவிட்டால் படுத்தாள். முகம் பௌர்ணமி ஆனது. ராத்திரி தூக்கம் போனது. பசி வந்தது, வந்த பசி அடங்கவே இல்லை. தோல் ஈரக் காகிதம்போல் ஆகி, யார் தொட்டாலும் நீலம் கட்டியது. பிறகு யாரோ சொன்னார்கள் என்று ஒரு நாள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். நிறுத்திய சூட்டோடு கிடையில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. மாத்திரைதான் அக்காவைக் கொன்றது என்றாள் ஜெயசீலி. நிறுத்தியதுதான் கொன்றது என்றார் ஞானதாஸ். அடக்கத்திலிருந்து திரும்பிய பஸ்ஸிலேயே இந்தச் சண்டை தொடங்கி, கொஞ்ச காலம் வீட்டில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இன்னொரு ஜாடி மாதிரி உட்கார்ந்திருந்தது. தனக்கும் விரல் வீங்கியபோது அவள் முதலில் செய்தது, அவர் கையை இழுத்து வேதப்புத்தகத்தின் மேல் வைத்ததுதான். இங்கிலீஷ் மருந்து என் வாயில் படக் கூடாது. நான் வலியில் கத்தினாலும் தரக் கூடாது. அவர் கை புத்தகத்தின் மேல் இருந்தது. "செரி சீலி" என்றார். இப்போது ராத்திரியில் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. விடிகாலையில் பசி வயிற்றைப் பிராண்டுகிறது. முழங்கையில் எங்கோ இடித்துக்கொண்டதில் நீலம், எங்கே இடித்தோம் என்று ஞாபகமில்லை.

யாரோ ஒருவர் அந்த மாத்திரையைக் கலந்து தருகிறார்கள். இது அவளுக்கு ஒரு நாள் திடீரென்று தோன்றவில்லை, சுவரில் ஈரம் ஏறுவதுபோல ஏறியது. மூன்று பேர் அவளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். ஒருவருக்கு மற்ற இருவர் இருப்பது தெரியாது. தெரியக் கூடாது. அவளுடைய மாமியார் காலத்திலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான்: ஒருத்தர் கைராசியில் உடம்பு தேறும்போது அவர் முன்னால் இன்னொருத்தர் பேரை எடுத்தால் ராசி உடைந்துவிடும். படித்தவள்தான் அவள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஆனாலும் ராசி உடைவதைப் பரிசோதித்துப் பார்க்க யாருக்குத் தைரியம் வரும்? முன்சிறைப் பக்கம் தங்கக்கண்ணு ஆசான், வர்மம் பார்க்கிறவர். தைலம் போட்டு நரம்பைத் தட்டிவிட்டு, காகிதத்தில் மடித்துச் சூரணம் தருவார். புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, கருவாடு ஆகவே ஆகாது. டாக்டர் ஆல்வின் ஹோமியோபதி. இடிக்குப் பயமா, கனவில் பாம்பு வருதா, அழுதால் யாராவது தேற்ற வேண்டுமா, தனியாக விட வேண்டுமா என்று பாவசங்கீர்த்தனம் கேட்கிற பாதிரியார்போல் கேட்டுவிட்டு வெள்ளை உருண்டை தருவார். காப்பி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, கற்பூர வாசனை பட்டாலே மருந்து செத்துவிடும். ஆசானின் தைலமோ ஊரைக் கூட்டும் கற்பூரம். அதனால் ஆல்வினிடம் போகும் நாளில் விடிவதற்கு முன்பே கடலைமாவு தேய்த்துக் குளித்து, கழுத்தை ஞானதாஸிடம் நீட்டுவாள். அவர் குனிந்து முகர்ந்துவிட்டு, "வாசனை போயிட்டு. இப்பம் நீ வெறும் சீலியாக்கும்" என்பார். ஷீபாவுக்கோ மருந்து என்ற சொல்லே ஆகாது. உடம்புதான் டாக்டர், நாம வெறும் கதவைத் திறந்துவிடுதோம் டீச்சர் என்பாள். இந்த மூவர் விலக்கியதையும் விலக்கினால் தட்டில் மிஞ்சுவது பாசிப்பயறும் பூசணிக்காயும். விரல் மடங்கத் தொடங்கியபோது ஆசான், "நம்ம சூரணம் பிடிச்சுட்டு" என்றார். ஆல்வின், "ரெமெடி சரியா விழுந்திட்டு" என்றார். ஷீபா, "ஓட்டம் வந்திட்டு டீச்சர்" என்றாள். மூன்று பேரிடமும் தலையாட்டிவிட்டு வந்தாள், மூன்று அப்பன் பேர் சொல்லி வளர்க்கும் பிள்ளையைத் தூக்கி வருகிறவள்போல.

ஒவ்வொருவரும் முதலிலேயே கேட்டதுதான்: வேற மருந்து எதும் எடுக்கியளா? அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து பதில் போய்விடும். "இல்ல." ஆசானிடம் ஒரு இல்ல. ஆல்வினிடம் ஒரு இல்ல. ஷீபாவிடம் இன்றைக்கும் ஒரு இல்ல இருக்கிறது, கடிகாரம் அடித்த பிறகு. ஒரு மடிப்பு விழாத, இஸ்திரி போட்ட இல்ல. அந்த இல்லையைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது: பொய்யே சொல்லத் தெரியாத மனுசன் எனக்காகச் சொல்கிறார். இப்போது ஊசி குத்திய உடம்போடு மல்லாந்து கிடக்கையில் அந்தப் பெருமை மறுபக்கம் திரும்பிப் படுத்தது. பொய் சொல்லத் தெரியாதவர் எப்படி அவ்வளவு நேர்த்தியாகச் சொல்கிறார்? வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. மூச்சைப் பார். மூச்சு உள்ளே, மூச்சு வெளியே. ஆசான். ஆசான்தான். பொடியில் எதையும் இடித்துக் கலக்கலாம், யாருக்குத் தெரியும். பள்ளிக்கூடச் சோதனைச்சாலையில் பிள்ளைகளுக்கு ஒரு வெள்ளை உப்பைக் கொடுத்து இது என்னவென்று கண்டுபிடி என்பாள். அவசரக்காரப் பிள்ளைகள் எல்லா அமிலத்தையும் ஒரே குழாயில் ஊற்றிவிட்டுப் புகையைப் பார்த்து நிற்கும். ஒன்றை விடு, மற்றதை அப்படியே வை, என்ன மாறுகிறது என்று பார் என்று அவற்றின் தலையில் குட்டியவள் அவள். தன் உடம்பை மட்டும் எப்படி அந்தக் குழாயாக்கி எல்லாவற்றையும் ஊற்றவிட்டாள்?

அதனால்தான் ஆடி பிறந்ததும் யாரிடமும் சொல்லாமல் பரிசோதனையைத் தொடங்கினாள். ஆசானின் சூரணத்தைச் செம்பருத்திச் செடியடியில் கொட்டினாள். விரல் மடங்கியது. மறுபடி சூரணத்தைத் தொடங்கி, ஆல்வினின் உருண்டைகளைத் தண்ணீரில் கரைத்துவிட்டாள். விரல் மடங்கியது. போன வாரம் ஷீபா தூத்துக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டாள், ஊசியே இல்லை. விரல் மடங்கியது. செம்பருத்தி மட்டும் புதிதாய் இரண்டு மொட்டு விட்டது. மூன்று பேரில் யாரும் இல்லையென்றால்? மூவரும் சேர்ந்தா? ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துக்கொள்கிறாரா? அல்லது உண்மையிலேயே கைராசிதானா, ஒரு ராசி தூங்கும்போது மற்ற ராசிகள் விழித்திருக்கின்றனவா? அப்படியே இருக்கட்டுமே. இந்த முகவட்டமும் பசியும் வயசின் கோளாறாக இருந்துவிட்டுப் போகட்டுமே. கண்டுபிடித்து யாருக்கு என்ன? கை மடங்குகிறது. மடங்கும் கையோடு சாவதா, மடங்காத கையோடு வாழ்வதா என்று கர்த்தர் வந்து கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. கண்டுபிடித்தால் அதைச் சொல்ல வேண்டிவரும், அதுதான் பயம்.

திரைக்கு அந்தப் பக்கம் ஷீபா பேசிக்கொண்டிருந்தாள். குரல் தணிவாக, ஆனால் சிரிப்போடு. "சார், எங்க வீட்டுப் பசுவுக்குப் பூச்சி மாத்திரை தந்திருக்காவ. தின்ன மாட்டேங்குது. மோந்து பாத்துட்டு எங்கம்மை மூஞ்சியில தும்முது." ஞானதாஸ் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். மாட்டைப் பற்றிக் கேட்டால் போதும், பத்து வயது குறைந்துவிடும். "முழு மாத்திரையா நீட்டினா எந்தப் பசுவும் தின்னாது. உங்கம்மை மூஞ்சியைப் பாத்தும் தும்மியிருக்கும்." ஷீபா கெக்கலித்தாள். "நல்லாப் பொடிச்சு, கருப்பட்டியில பொதியணும். நல்ல கருத்த கருப்பட்டியா இருக்கணும், கேட்டியா, கசப்பு அதுக்குத்தான் அடங்கும். வாயில வச்சிட்டு விட்டுரப்பிடாது. தொண்டையைத் தடவிக் குடுக்கணும், இப்படி, மேல இருந்து கீழ. முழுங்கிரும்." திரைக்கு அடியில் அந்தக் கால்கள் இடம் மாறின, கையைத் தூக்கிக் காட்டுகிறார்போல. கல்யாணமான புதிதில் அவர் ஒரு கன்றுக்குட்டிக்கு அப்படி மருந்து கொடுத்ததைக் குடியிருப்பு வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். கன்று மிரண்ட கண்ணோடு அவரையே பார்த்தது. அவர் விரல்கள் அதன் கழுத்து மடிப்பில் ஒரு வாத்தியத்தை மீட்டுவதுபோல இறங்கின. இந்தக் கையை நம்பலாம் என்று அவளுக்குள் அன்றுதான் ஏதோ ஒன்று தாழ் திறந்தது. ஷீபா சொன்னாள்: "அப்பம் டீச்சருக்கும் இப்படித்தான் மருந்து குடுப்பியளோ?"

விளையாட்டுப் பேச்சு. ஷீபா யாரையும் சீண்டுகிற பெண். அவரும் விடுகிற ஆளில்லை, ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பார். ஜெயசீலி காத்திருந்தாள். கீழே துணி கிழிந்தது. கடிகாரம் அரைத்தது. பதில் வரவில்லை. ஒரு கை குனிந்து பிளாஸ்க்கைத் தரையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. மூடியை ஒருமுறை திருகி இறுக்கும் சத்தம், ஏற்கெனவே இறுகியிருந்த மூடி. உச்சந்தலை ஊசியிலிருந்து எதுவோ சில்லென்று கீழே இறங்கி வந்தது.

சுக்குக் காப்பி. ஆல்வின் காப்பியை நிறுத்தச் சொன்ன நாள் முதல் காலையில் அவர் கையால் சுக்குக் காப்பி. கருப்பட்டி தூக்கலாக, நல்லமிளகு தூக்கலாக, நாக்கைப் பொசுக்கும் சூட்டில். வெளியே போனால் பிளாஸ்க்கில். அவர் குடிப்பதில்லை, அவருக்குச் சர்க்கரை. நான் போடுறேன் என்று இவள் ஒரு நாள் அடுக்களைக்குள் போனபோது, உனக்குக் கொத்தமல்லி கூடிப்போவும் என்று தோளைப் பிடித்துத் திருப்பி வெளியே விட்டார். எத்தனை அன்பு என்று நினைத்தாள். உப்பை மாற்றி மாற்றிச் சோதித்தவளுக்கு, எல்லாக் குழாயிலும் ஊற்றியிருந்த தண்ணீர் ஞாபகத்துக்கு வரவில்லை. இல்லை, இரு. அவசரப்படாதே. ஆனி மாதக் கடைசியில் அண்ணன் இறந்ததால் அவர் மார்த்தாண்டம் போனார். அடக்கம் முடிய இரண்டு நாள் தங்க வேண்டியிருந்தது. காப்பியை அவளே போட்டுக் குடித்தாள். அவர் திரும்பி வருகிற அன்று காலையில் விரல்கள் பூட்டிக்கொண்டன, பல் துலக்கும் பிரஷ் கையிலிருந்து விழுந்தது, உடம்பெல்லாம் அடித்துப்போட்டாற்போல் ஓய்ந்துபோனது. சாரல் காற்று என்று நினைத்தாள். அவர் வந்து அவளைப் பார்த்தார். பார்த்த பார்வையே வேறு. அழுக்கு வேட்டியோடு, சாவு வீட்டுத் தீட்டோடு, நேரே அடுக்களைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். சாவுக்குப் போய்வந்தால் கொல்லையில் குளித்து ஈரத்தோடுதான் வீட்டுக்குள் கால் வைப்பார் அவர். அவருடைய அம்மாவின் சாவுக்குக்கூட அப்படித்தான். அன்றைக்குக் குளிக்கவில்லை. காப்பியைத் தந்து, அவள் குடித்து முடிக்கும்வரை நின்று, அப்புறம்தான் துண்டை எடுத்தார். அண்ணனை இழந்த துக்கத்தில் மறந்துவிட்டார் என்று அவளுக்கு அப்போது மனசு இளகியது.

இளகிய அந்த மனசை இப்போது என்ன செய்வது? வேதப்புத்தகத்தின் மேல் இருந்த கை. கழுத்தை முகர்ந்துவிட்டு வெறும் சீலி என்ற வாய். மூன்று பேரிடமும் ஏறி இறங்கிய ஸ்கூட்டர், வெயிலில், மழையில், எதுவுமே நம்பாமல், அவள் கேட்டாள் என்பதற்காக. அத்தனையும் கருப்பட்டி, உள்ளே ஒளித்த ஒரு வெள்ளை மாத்திரைப் புள்ளி. அக்காவைத் தின்ற புள்ளி. அவர் அவளை ஒரு பசுவாகப் பார்த்தாரா? அல்லது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத அன்று, அந்தச் சோற்று உருண்டை அவர் விரலிலேயே இருந்துவிட்டதே, அன்றா முடிவு செய்தார்? கோபம் வந்தது. கோபத்தின் பின்னாலேயே, அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, வேறொன்றும் வந்தது. அது என்னவென்று அவள் பார்க்கவில்லை. தப்பாகவும் இருக்கலாம். ஒரு மனுசன் ஒரு சிரிப்புக்குப் பதில் சொல்லாமல் இருந்தது ஒரு அத்தாட்சியா? கேட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. கேட்காவிட்டால் ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு மிடறையும் சந்தேகப்பட்டே விழுங்க வேண்டும். கடிகாரம் மணியடித்தது.

ஷீபா ஒவ்வொன்றாக ஊசிகளை உருவினாள். "இன்னைக்கு மனசு ரொம்ப ஓடிச்சு போல. நெத்தியெல்லாம் வேர்த்திருக்கு. வேற மருந்து ஒண்ணும் எடுக்கலதானே டீச்சர்?"

"இல்ல," என்றார் ஞானதாஸ் திரையை விலக்கிக்கொண்டு.

ஷீபா ஊசிகளைப் போடக் குப்பியோடு உள்ளறைக்குப் போனாள். அவர் பிளாஸ்க்கின் இரண்டு மூடிகளில் மாற்றி மாற்றிக் காப்பியை ஊற்றி ஆற்றினார். ஆவியில் மிளகு மணத்தது. ஜெயசீலி எழுந்து உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டாள்.

"ஒரு காரியம் சொல்லணும்," என்றாள். "நாளையிலேருந்து எல்லாத்தையும் நிறுத்தப்போறேன். ஆசான், ஆல்வின், இந்த ஊசி, எல்லாம். ஒண்ணும் வேண்டாம். இந்தச் சுக்குக் காப்பியும்."

அவர் ஆற்றுவதை நிறுத்தவில்லை. மூடியிலிருந்து மூடிக்கு ஒரு கருத்த கயிறு நீண்டு சுருங்கியது.

"ஆசானை நிறுத்து," என்றார். "ஆல்வினையும் நிறுத்து. இந்த ஊசியையும் வேணும்னா நிறுத்து."

"காப்பியை?"

கயிறு அறுந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்துச் சொன்னார். "அதை ஒரேயடியா நிறுத்தப்பிடாது சீலி. கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைக்கணும்."

கீழே துணி கிழிக்கிற ஆள் சாப்பிடப் போயிருக்க வேண்டும். சத்தமே இல்லை.

"ஹெப்சி தின்னதுதானா?"

"அதுதான். ஆனா அவளுக்கு மாதிரி இல்ல, கொறச்சுத்தான்." அவர் குரல் தேய்ந்தது. "டாக்டர்ட்ட கேட்டுத்தான். நீ வரமாட்டேன்னு சொல்லிட்டு நானே போயிக் கேட்டேன்."

எந்த டாக்டர், எத்தனை நாளாக, எந்த முகத்தோடு கேட்டீர்கள், இதுவும் உண்மையா என்று மனசுக்குள் வரிசையாக வந்தன கேள்விகள். அவர் இல்ல என்று சொன்னதெல்லாம் நம்பும்படி இருந்தது. உண்டு என்று சொல்லும்போது நம்ப முடியவில்லை. கையை நீட்டினாள். மூடி சுட்டது. விரல்கள் ஐந்தும் அதைச் சுற்றிக் கச்சிதமாக மூடிக்கொண்டன, அவளைக் கேளாமல், யாருடைய விரல்களோபோல.

"நாளைக்கு அந்த டாக்டர்ட்ட என்னையும் கூட்டிட்டுப் போணும்," என்றாள். "இனி யாரு கேட்டாலும் இல்லேன்னு நீங்க சொல்லப்பிடாது."

அவர் தலையாட்டினார்.

ஒரு மிடறு வாயில் வாங்கினாள். மிளகை ஒதுக்கினாள், கருப்பட்டியை ஒதுக்கினாள். நாக்கின் அடியில், இவ்வளவு நாளும் அங்கேயே இருந்ததுபோல, அந்தக் கசப்பு இருந்தது. விழுங்காமல் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவருடைய வலது கை அவரே அறியாமல் அவள் கழுத்தை நோக்கி உயர்ந்து, இரண்டு விரல் நீட்டி, பாதியில் நின்றது.

அவள் மறுகையால் அதைத் தடுத்தாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"வேண்டாம்," என்றாள். "நானே முழுங்கிக்கிடுதேன்."